விரதக் கொட்டகையில் காயா

நாக்கால் கெட்டவர்களில் இரண்டு வகை உண்டு. பேசிக் கெட்டவர்கள் ஒரு வகை, தின்று கெட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையிலும் ஒரே வாரத்தில் கெட்டவன் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது டிராம் வண்டி புதிது. ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் நான் கிராணி வேலை பார்த்தேன். பகலெல்லாம் மிளகு மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவேன். சாயங்காலம் மணி அடித்ததும் கைக்கு ஓய்வு, வாய்க்கு வேலை. கம்போங் கிளாம் பக்கம் இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சாத்தே சுடும் மலாய்க்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே விசிறியை வேகமாக வீசுவார். அங்கிருந்து இஞ்சித் தேநீர் ஆற்றும் சரபத்துக் கடை, அடுத்து சிவப்புச் சர்பத்து ஊற்றின ஐஸ் உருண்டை, அதன் பிறகு தலையில் கூடை சுமந்து வருகிறவரிடம் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிய இடியாப்பம். ஒரு வடைக்காக கேலாங் வரை டிராமில் போய், வடை தீர்ந்துவிட்டது என்றதும் அங்கேயே உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறேன். (மிகைப்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.)

இந்த லட்சணத்தில் என் சித்தப்பா எனக்குப் பெண் கேட்டார். சிராங்கூன் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆறுமுகம் பிள்ளையின் மகள் வள்ளி. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. செம்புக் குடம் வாங்கப் போவதுபோல் போய் அவளை இரண்டொரு தடவை பார்த்திருந்தேன். ஒரு தடவை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயோரத்தில் சாத்தே குழம்பு ஒட்டிக்கொண்டிருந்ததற்காகச் சிரித்தாள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. அவள் இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளை சுத்த சைவம். வெளியே பச்சைத் தண்ணீர் குடிப்பதற்கும் இரண்டு தடவை யோசிக்கிறவர். சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்ததும் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாணிக்கம் தம்பி, நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம். எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா தினமும் சாயங்காலம் என் கடை முன்னாடி போறீங்க. ஒரு நாளாவது உங்க வாய் சும்மா இருந்து நான் பாத்ததில்ல."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். (உள்ளே ஒரு துண்டு கடலை மிட்டாய் இருந்தது.)

"தைப்பூசம் வருது. எங்க கொட்டகையில வந்து தங்கி விரதம் இருங்க. பால் காவடி எடுங்க. வாய் கட்டுப்பட்டுச்சுன்னா மத்ததப் பேசலாம்."

கொட்டகை என்பது பாத்திரக்கடைக்குப் பின்னால் ஓலை வேய்ந்து போட்டிருந்த இடம். அந்தத் தெருவில் காவடி எடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கி, பாயில் படுத்து, விடியுமுன் குளித்து, முருகன் படத்துக்கு முன்னால் பஜனை பாடுவார்கள். பகலில் வேலைக்குப் போய்வரலாம். மதியம் ஒரு வேளைதான் சோறு, அதுவும் வெங்காயம் பூண்டு இல்லாமல். ராத்திரிக்குச் சோறு கூடாது, பலகாரம். பலகாரம் என்றதும் எனக்கு வந்த சந்தோஷம் முதல் நாளே செத்துப் போனது. தட்டில் விழுந்தது தோசை. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மறுநாள் அதே தோசை, ஓரத்தில் ஒரு சிட்டிகை சீனி. அன்று ராத்திரி என் கனவில் சாத்தே குச்சிகள் காவடி எடுத்து ஆடின. விழித்துப் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. அழுகையா எச்சிலா என்று நான் ஆராயவில்லை.

இப்படி உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆ செங் கண்ணில் பட்டார். கிடங்குக்குப் போகும் வழியில் காப்பிக்கடை வைத்திருந்த ஹைனான் சீனர் அவர். சுட்ட ரொட்டியில் பச்சை நிறத்தில் எதையோ வழித்துத் தடவிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்து காயும் வாசனை என்னை நடுத்தெருவில் நிறுத்தியது. அதன் பெயர் காயா என்றார்.

நான் விரதக்காரன், சும்மா வாயில் போட்டுவிடவில்லை. விசாரித்தேன், அதுவும் எப்படி. வாழ்நாளில் தின்ற பாவங்கள் அத்தனையையும் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து, எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் ஒன்றொன்றாகக் கேட்டேன். பன்றிக் கொழுப்பு உண்டா? இல்லை. மாட்டுக் கொழுப்பு? இல்லை. மீன்? இல்லை. இறால்? பெலாச்சான்? ஆ செங்குக்குக் கோபம் வந்துவிட்டது. இனிப்பில் எவனாவது இறாலை அரைத்துப் போடுவானா என்று கேட்டார். அப்படியானால் என்னதான் போடுகிறாய் என்றேன். விரல் விட்டு எண்ணினார். தேங்காய்ப்பால், சீனி, பாண்டான் இலை. அதற்குள் யாரோ காப்பி கேட்டார்கள், போய்விட்டார். அவர் கையில் இன்னும் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு பித்தளைத் தூக்கு நிறையக் காயாவோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். பிள்ளை தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"தேங்காய் இனிப்புங்க ஐயா. தோசைக்குத் தொட்டுக்க."

"சுத்தமானதுதானா?"

"ஒண்ணு விடாம விசாரிச்சுட்டேன்."

தோசையில் ஒரு ஓரம் கிள்ளி, காயாவில் தொட்டு வாயில் போட்டார். அவருடைய முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று நடந்தது. புருவம் இறங்கியது, கண் பாதி மூடியது. தட்டை நீட்டி இன்னொரு தோசை கேட்டார். அடுத்து இன்னொன்று. கொட்டகை முழுவதும் தூக்கைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் காயா. தோசைக்குக் காயா, இடியாப்பத்துக்குக் காயா. வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. வள்ளி கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டு நான் அன்று முழுவதும் கணக்கைத் தப்புத் தப்பாக எழுதினேன். கொட்டகைப் பூசாரி, இவ்வளவு நல்ல பண்டத்தை நாம் மட்டும் சாப்பிடுவது முறையில்லை என்று சொல்லி, முதல் கரண்டியை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துப் படைத்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுத்தார். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளை என்னிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டி, "இந்தாங்க மாப்பிள்ளை" என்றார். வாய் தவறி வந்ததுதான். ஆனால் அவர் திருத்திக்கொள்ளவில்லை. அந்தச் செம்புத் தண்ணீரைவிட ருசியான எதையும் நான் அதுவரை குடித்ததில்லை.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள், அன்னதானத்துக்கு வருகிறவர்களுக்கும் காயா கொடுக்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டார். "ஒரு அண்டா செய்யச் சொல்லிட்டு வந்துருங்க மாப்பிள்ளை" என்று என்னைத்தான் அனுப்பினார். போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தால் முடிந்தது. எனக்குப் பெருமை பிடித்து ஆட்டியது.

"ஐயாவும் வந்து பாருங்களேன். எவ்வளவு சுத்தமாச் செய்யறாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

"எனக்கு உங்க வார்த்தையே போதும்."

"இல்லீங்க ஐயா, நீங்க வந்தே ஆகணும்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆ செங்குக்கு ஒரே சந்தோஷம். எங்களைப் பின்பக்கத்து அடுப்படிக்கே அழைத்துப் போய் முக்காலி போட்டார். அடுப்பில் பெரிய சட்டி. பக்கத்தில் ஒரு கூடை நிறைய முட்டை. கடையில் அரைவேக்காட்டு முட்டையும் விற்பார்கள் என்பதால் பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஆ செங் ஒரு முட்டையை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினார். சட்டிக்குள் விட்டார். இன்னொன்று. இன்னொன்று. பக்கத்தில் ஓடு மலையாகக் குவிந்தது. சீனி விழுந்தது, தேங்காய்ப்பால் விழுந்தது, பாண்டான் சாறு விழுந்தது. அவர் கிண்டக் கிண்ட, எங்கள் கொட்டகையில் தினமும் மணந்த அதே வாசனை, அதே பச்சை.

பிள்ளை சட்டிப் பக்கம் திரும்பி, துண்டை மெதுவாக மூக்கிலிருந்து இறக்கினார். சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மாணிக்கம், இது வேற பலகாரமா இருக்கும். இல்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, அன்று சத்தியவந்தனாகிவிட்டேன். "இருங்க ஐயா, கேட்டுருவோம்" என்று சொல்லி ஆ செங்கிடம் கேட்டேன். இதே காயாதான், எப்போதும் இதே மாதிரிதான் என்றார். முட்டை போடாமல் எவன் காயா கிண்டுவான் என்று சிரித்தார். எவ்வளவு முட்டை என்று நான் கேட்கவேயில்லை. அவராகவே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். போதாதென்று இன்னொரு தடவை விரித்துக் காட்டினார்.

பிள்ளை ரிக்‌ஷாவில் ஏறவில்லை. வெயிலில் குடையைக்கூட விரிக்காமல் சிராங்கூன் ரோடு வரை நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். வள்ளி போய்விட்டாள் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை.

கொட்டகையில் விஷயம் தெரிந்ததும் ஒருவர் வாந்தி எடுக்கக் கிணற்றடிக்கு ஓடினார். ஒருவர் முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முந்தின நாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருமாறு என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் தூக்கு காலியாக இருந்தது. யாரோ வழித்து வைத்திருந்தார்கள். பூசாரிதான் கொஞ்சம் இரக்கம் காட்டினார்.

"தெரியாமச் செஞ்சதுக்கு முருகன் கோவிச்சுக்க மாட்டான். எல்லாரும் தலைக்கு ஊத்திக்கிட்டு விபூதி பூசிக்கிட்டு நாளைக்குக் காவடி எடுங்க. அவனுக்கும்தான் படைச்சிருக்கோம், என்ன செய்யறது."

"மத்தவங்க எடுக்கட்டும்" என்றார் பிள்ளை. "இவரு அடுத்த வருசம் எடுக்கட்டும். அதுவரைக்கும் கடைப் பண்டம் ஒண்ணும் இவரு வாயில படக்கூடாது. அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மற்றவர்கள் காவடியோடு ஆடிப் போனார்கள். நான் அவர்களுடைய துண்டுகளையும் தண்ணீர்க் குடத்தையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். பெண்கள் கூட்டத்தில் வள்ளி முந்தானையால் முகத்தை மூடியபடி தோள் குலுங்க நின்றாள். அழுதாயா சிரித்தாயா என்று பிற்பாடு கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் பசிக்கிறது. சாத்தேக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று வீடு தேடி வந்துவிட்டார். ஐஸ்காரர் நான் ஊருக்குக் கப்பலேறிவிட்டதாக நம்பினார். சுற்றி ஒரு ஊரே வறுத்துப் பொரித்துக்கொண்டிருக்க, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தேன். மறு தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன், கல்யாணமும் ஆயிற்று. குடித்தனம் மாமனார் வீட்டு மாடியிலேயே அமைந்துவிட்டது. சுத்த சைவம், வெளிப்பண்டம் வாசலோடு சரி. விரதம் முடிந்ததாக எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் யார் எதைச் சொதப்பினாலும் இப்போது அந்த ஒரே வார்த்தைதான். எங்கள் பையன் பரீட்சையில் கோட்டை விட்டால், "அது வேற பலகாரமா இருக்கும்" என்பாள் வள்ளி. சாம்பார் அடிப்பிடித்தால் அதையே பையன் அவளிடம் சொல்வான். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

மாமா இப்போது தளர்ந்துவிட்டார். போன மாதம் பையன் எங்கிருந்தோ காயா தடவிய ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வாசல் வரை கொண்டுவந்துவிட்டான். வள்ளி அவனை விரட்டுவதற்குள் வாசனை உள்ளே வந்துவிட்டது. சாய்வு நாற்காலியில் இருந்த மாமா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்தார்.

"மாப்பிள்ளை, உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல" என்றார்.

"தெரியாம நடந்த தப்பு மாமா. முட்டை இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

"முட்டைக்காக யாரு சொன்னா? அன்னைக்கு நான் கேட்டேனே, வேற பலகாரமா இருக்கும், இல்லையான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தன வருசமும் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."