முப்பதுக்கு மேல் போகாத ஜீப்

ரகுபதிக்குத் திடீரென்று மலைப் பித்துப் பிடித்தது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். கூட வேலை பார்ப்பவர்கள் ஞாயிறுதோறும் ஜவ்வாது மலைக்குப் போய், பாறைமேல் வண்டியை ஏற்றிப் போட்டோ போடுகிறார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்றை வாங்கிவிடுவது, அதன்பின் ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருப்பதில்லை என்று அவரும் சபதம் எடுத்தார். மனைவி லீலாவிடம் மட்டும், "குடும்பத்துக்கு ஒரு வண்டி" என்றார்.

மணிமங்கலத்தில் ஒரு பழைய ஜீப் விலைக்கு வந்தது. மெக்கானிக் பலராமனைக் கூட்டிக்கொண்டு போனார். பச்சை ஜீப் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. ரகுபதி அதைத் தடவிக்கொண்டிருக்கும்போது பலராமன் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான்.

"அண்ணே, இன்ஜின் சோக்கா கீது. ஆனா கியர் பக்கத்துல குட்டைக் கம்பி கீது பாரு, மலை ஏற்றப்ப லோவுல போட்றது. அது லோவுலயே மாட்டிகினு கீது. வெளிய வர்ல."

"வர்லன்னா இன்னா ஆவும்?"

"மலை ஏறும். சொன்னா செவுரு கூட ஏறும். ரோட்டுல முப்பதுக்கு மேல போவாது."

"சரி பண்ண முடியாதா?" என்றார் ரகுபதி.

"கியர் பாக்ஸை மொத்தமா எறக்கணும். உள்ள பல்லு இன்னா கதியோ. என்னைக் கேட்டா வுட்டுடுண்ணே."

ரகுபதி ஜீப்பைப் பார்த்தார். ஜீப்பும் அவரைப் பார்த்தது. இந்தக் கோளாறு இல்லையென்றால் இது அவர் கைக்கு எட்டாது. கோளாறு இருப்பதால்தான் எட்டுகிறது. வாங்கிவிட்டு சத்தமில்லாமல் சரி பண்ணிக்கொள்ளலாம். லீலாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

மறுநாள் அவளை ஏற்றிக்கொண்டு படப்பை ரோட்டில் ஓட்டிக் காட்டினார். இன்ஜின் அலறியது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் இவர்களை முந்திப் போனார்.

"இன்னாங்க, இவ்ளோ சத்தம் போடுது?"

"ஃபோர் வீல்னா அப்டித்தான். சிங்கம்."

"சிங்கம் ஏன் நடந்து போவுது?"

"நீ உக்காந்துகினு கீறியே. ஜாக்கிரதையா ஓட்றேன்."

அன்று ராத்திரி சோறு போடும்போது லீலா, "இதையே வாங்கிடுங்க" என்றாள்.

ரகுபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசில் சத்தம் சரியில்லை என்று ஒரே குக்கரை மூன்று முறை கடையில் திருப்பிக் கொடுத்தவள் இவள்.

ஜீப் வீட்டுக்கு வந்தது. அந்த வாரமே பலராமன் பட்டறைக்கு ஓட்டிப் போனார்.

"எறக்கிடுடா. ஞாயித்துக்கெழமை மலைக்குப் போறேன்."

பலராமன் வெகுநேரம் கை துடைத்தான். "முடியாதுண்ணே. நீங்க ஓட்டிப் பாத்த அன்னிக்கே அண்ணி போன் போட்டாங்க. வண்டில இன்னா கோளாறுன்னு கேட்டாங்க. சொல்ட்டேன். 'முப்பதுக்கு மேல போவவே போவாதா, நிச்சயமா?'ன்னு ரெண்டு தபா கேட்டாங்க. ஆமான்னேன். 'அப்ப அதை யாரும் தொடக்கூடாது'ன்ட்டாங்க. ஒரகடத்துலேந்து படப்பை வரைக்கும் அத்தினி பட்டறைக்கும் சொல்லி வச்சிக்கீறாங்க."

ரகுபதி ஆத்திரத்தோடு வீட்டுக்குப் பறந்தார், முப்பதில்.

லீலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேவா வாங்கச் சொன்ன?"

"ஆமா. வேணாம்னா வேற எதுனா நல்ல வண்டியா பாத்திருப்பீங்க. உங்க போன் பூரா மலை போட்டோதான இருக்கு, அது நேரா மலையிலதான் போய் நிக்கும். இதுல போனா மலை போய்ச் சேர்றதுக்குள்ள திங்கக்கெழமை ஷிப்டு வந்துடும்."

"அப்ப இது எதுக்குத்தான் ஆவும்?"

"குடும்பத்துக்குன்னு நீங்கதான சொன்னீங்க. சேரப்பணஞ்சேரில எங்கம்மா இருக்காங்க. பக்கம்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஜீப் மாமியார் வீட்டுக்குக் கிளம்பியது. பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்தன. ரகுபதி ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டிருந்தார். லீலா காற்றில் பறக்காத முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"மெதுவாவே போங்க. எங்கம்மா வூடு எங்கியும் ஓடிடாது."