அடுப்பில்லாத விருந்தும் கட்டம் போட்ட சீஸும்

நெருப்பில் படாத ஒன்றைச் சமையல் என்று சொல்லலாமா? பட்டப் படிப்பை முடித்துவிட்டு, நாட்டைச் சீர்திருத்துவதற்கு முன் ஒத்திகையாகத் திருத்தணியைச் சீர்திருத்திப் பார்ப்போம் என்று நான் ஊர் திரும்பியிருந்த யுத்த காலத்தில் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. கொண்டுவந்து நிறுத்தியவர் பட்லர். கேழ்வரகுக் களியைக் கத்தியால் வெட்டி, முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்ட மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருந்திருக்க முடியும். மறுப்புள்ளவர்கள் முதலில் களியை முள்கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எனக்கு எழுதலாம்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அரக்கோணத்தில் ஒரு ரயில்வே துரையின் பங்களாவில் முப்பது வருஷம் சமையலும் பரிமாறலும் செய்தவர். துரை கப்பலேறிச் சீமைக்குப் போனபோது, ஒரு வெள்ளைக் கோட்டு, நான்கு முள்கரண்டி, ஒரு கத்தி இவற்றுடன் கே.ஜி.கண்டிகைப் பக்கம் வயல்களைத் தாண்டியிருந்த சேரிக்கு, தம் சொந்த வீட்டுக்குத் திரும்பினார். அவருடைய உறவினர் அனைவரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் மட்டும் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டை மாட்டிக்கொண்டுதான் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போவார்.

"இன்னா பட்லரே, வைஸ்ராய் வந்துகினு கீறாரா?" என்று கடைவீதியில் கேலி செய்வார்கள்.

"வந்தா உனக்குச் சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் அப்டியே குந்து" என்று நடையை நிறுத்தாமல் பதில் சொல்வார்.

எங்கள் வாசகசாலைக்குத் தவறாமல் வருவார். கடைசி பெஞ்சின் கடைசி மூலை அவருடையது. ஆங்கிலப் பத்திரிகையைப் பிரித்துப் படங்களை மட்டும் பார்ப்பார். யுத்தத்தில் எந்தத் தளபதி எங்கே முன்னேறுகிறார் என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது, அந்த மூலையிலிருந்து தீர்ப்பு வரும்: "இந்த மூஞ்சிக்கு முட்டை அரை வேக்காடு சார். முழுசா வெந்தா தட்டைத் தூக்கி அடிப்பான்." உலக அரசியலை இவ்வளவு சுருக்கமாக விளக்கியவரை நான் பிறகு சந்திக்கவில்லை.

ஞாயிறுதோறும் மனுக்கள் எழுதிக் கொடுப்பதற்காக நான் பட்லரின் சேரித் தெருவுக்குப் போவேன். நண்பகல் ஆனதும் பட்லர் கோட்டை மாட்டுவார். கயிற்றுக் கட்டிலின் மேல் வெள்ளைத் துணி விரிப்பார். பீங்கான் தட்டில் களியை வைப்பார். பிறகு வாசலுக்கு வந்து, காலி வெளியைப் பார்த்து, "டின்னர் ரெடி சார்" என்று அறிவிப்பார். அறிவித்துவிட்டு உள்ளே போய், அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டவர்போல் தாமே உட்கார்ந்து சாப்பிடுவார். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. நான் வாசலில் நின்று ரசித்துவிட்டு வீடு திரும்புவேன்.

அந்த ஆண்டு சித்திரையில் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குச் சமபந்தி விருந்து நடத்த வேண்டும் என்று காரியதரிசியாகிய நான் தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். "யார் சமைப்பது?" என்று ஒருவர் கேட்டார். கைதட்டல் நின்றது.

அக்காலத்துச் சமபந்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாச் சாதியாருக்கும் ஆட்சேபம் இல்லாத கை எதுவோ அதைக் கொண்டு சமைத்து, எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, சமத்துவம் வந்துவிட்டதாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது சமத்துவம் ஆகாது என்று நான் பேசத் தொடங்குவதற்குள் கடைசி மூலையில் பட்லர் எழுந்து நின்றார்.

"நான் ஆக்கறேன் சார்."

வாசகசாலைத் தலைவர் மணியக்காரர் தொண்டையைச் செருமினார். கொடியவர் அல்லர், வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட பெரிய மனிதர். "பட்லரே, நீ நல்லவன். உன் கையும் சுத்தம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீ அடுப்பைத் தொட்டா நான் எலையைத் தொடமாட்டேன். அவ்ளோதான்."

"அப்போ அடுப்பே வாணாங்க" என்றார் பட்லர்.

"இன்னாது?"

"அடுப்பு இருந்தாதான தகராறு? துரைமாரு வெயில் காலத்துல அடுப்பு இல்லாம துன்னுவாங்க. சேலட்டு. பழம், வெள்ளரி, சீஸு. நெருப்பு வாசனையே கெடையாதுங்க."

மணியக்காரர் தினமும் மலையடிவாரத்தில், படிக்கட்டு அருகே ஒரு பெண்பிள்ளை நறுக்கி மிளகாய்த்தூள் தடவித் தரும் வெள்ளரிப்பிஞ்சை வாங்கிச் சாப்பிடுவது ஊரறிந்த செய்தி. அந்தப் பெண் எந்தத் தெரு என்று அவர் விசாரித்ததில்லை. இதை நான் மிகுந்த பணிவோடு நினைவூட்டினேன்.

"அது வெயிலுக்குப்பா" என்றார்.

"இதுவும் வெயிலுக்குத்தாங்க" என்றார் பட்லர்.

நெருப்புப் படாத பண்டத்துக்குத் தோஷம் இல்லை என்று மணியக்காரர் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று.

எனக்கோ மனம் ஒப்பவில்லை. முன்வாசல் அடைத்திருக்கிறது என்று கொல்லை வழியாக நுழைவது வெற்றியா? இது வழக்கத்தை உடைக்குமா, அல்லது அதற்கு மரியாதை செய்வதாக முடியுமா? சாலையில் உடன் நடந்துகொண்டிருந்த பட்லரிடம் இவற்றையெல்லாம் முறையாக எடுத்துரைத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சார், முப்பது வருசம் இந்தக் கையால ஆக்கிப் போட்டேன். துன்னவன் எல்லாம் கப்பலேறிப் போய்ட்டான். நம்மூரான் வாயில ஒரு வாய் போவல. கொல்லையோ வாசலோ, எனக்கு உள்ள போனா போதும்." சிறிது தூரம் போன பிறகு, மாட்டு வண்டி ஒன்றுக்கு வழிவிட்டபடி, சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார்: "நீங்ககூட வாசல்லயே நின்னு பாத்துட்டுத்தான சார் போறீங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எனக்காகக் காத்திருப்பார்கள் என்று விளக்கினேன்.

"ஆங், ஆங்" என்றார் பட்லர். பட்டம் வாங்கியபோது எனக்குக் கிடைத்த கைதட்டல் மறந்துவிட்டது. அந்த இரண்டு ஆங் மறக்கவில்லை.

விருந்துக்கு ஏற்பாடுகள் நடந்தன. சீமைச் சீஸுக்கு யுத்த காலத்தில் எங்கே போவது? "தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டா தண்ணி வடிஞ்சி சீஸாய்டும் சார்" என்றார் பட்லர். யாருக்கும் ஆட்சேபம் வரக்கூடாது என்று கருதி, மணியக்காரர் வீட்டிலிருந்தே ஒரு பானை எருமைத் தயிர் வாங்கிவந்தேன். "இவ்ளோ தயிரு எதுக்கு நைனா? குளிக்கப் போறியா?" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டார்.

பிழை துணியில் நேர்ந்தது. பழைய துணியில் பழைய வாசனை இருக்கும் என்று பட்லர், சந்தையில் பொதட்டூர்ப்பேட்டை லுங்கி இரண்டு, சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்டது, ஒரே நெசவில் வாங்கினார். ஒன்று விருந்தன்று கோட்டுக்குக் கீழே உடுத்த, மற்றொன்று தயிருக்கு. புது லுங்கியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகே எதற்கும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அதிலும் யுத்தத்தால் நல்ல சாயம் வருவது நின்றுபோயிருந்த காலம். ஆனால் பட்லரின் முப்பது வருஷமும் துரை வீட்டு வெள்ளைத் துணிகளோடு கழிந்தவை. புதிது புதிதாகவே இருக்கட்டும் என்று தயிரைக் கொட்டிக் கட்டி, வாசகசாலை உத்தரத்தில் தொங்கவிட்டுவிட்டார்.

விருந்தன்று காலையில் மூட்டையை அவிழ்த்தவர், "சார், இப்டி வந்து பாருங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

சீஸ் அருமையாக இறுகியிருந்தது. அதன் மேல், நெசவாளி பார்த்தால் பெருமைப்படும்படி, சிவப்புக் கட்டமும் நீலக் கோடும் ஒன்றுவிடாமல் இறங்கியிருந்தன. கத்தியால் சுரண்டினோம். அடியிலும் அதே கட்டம், சற்று வெளிறி, பல முறை துவைத்த லுங்கிபோல் இருந்தது.

சாயம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும், வாசகசாலைக்கு என்ன ஆகும், இந்த வட்டாரத்தில் சமத்துவத்தின் எதிர்காலம் என்ன ஆகும் என்று நான் வரிசையாகக் கவலைப்பட்டேன். பட்லர் நிமிர்ந்து நின்றார். "சீமையில நீலக்கோடு ஓடற சீஸு ஒண்ணு கீது சார். ரொம்ப ஒசத்தி. இது பொதட்டூர்ப்பேட்டை சீஸு."

பிறரைப் பரீட்சைப் பொருளாக்குவது தகாது என்று நானே ஒரு துண்டைத் தின்றுவிட்டு, ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசி எடுத்ததைத் தவிர வேறு விளைவு எதுவும் இல்லை.

பட்லர் வேலையைத் தொடங்கினார். மாம்பழமும் தர்பூசணியும் வெள்ளரியும் சொக்கட்டான் காய்போல ஒரே அளவில் விழுந்தன. புதினாவைக் கையால் கிள்ளினார், எலுமிச்சம்பழம் பிழிந்தார், மிளகைத் தட்டித் தூவினார். உப்பை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். "உப்பு பந்தி குந்தின அப்பறந்தான் சார். முன்னாடியே போட்டா பழம் அழுவும்."

மணியக்காரர் சீக்கிரமே வந்து, வாசகசாலைப் பின்கட்டு அடுப்புக்குள் கைவிட்டுச் சாம்பல் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். "பீடி கீடி பத்தவச்சியா?"

"நெருப்புப் பெட்டியே வூட்ல வச்சிட்டு வந்தேங்க."

எல்லாத் தெருக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கோட்டும் புது லுங்கியுமாகப் பட்லர் தையல் இலைகளில் பரிமாறிவந்தார். வெளியே மலைப்படியில் கால் வைக்க முடியாத வெயில். வாயில் குளிர்ந்த பழம். மணியக்காரர் பழங்களை முடித்துவிட்டுச் சீஸ் துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு வூட்டுத் தயிரு?"

"உங்க வூட்டுதுங்க."

தயிரில் குற்றம் காண வழியில்லை. அவர் பார்வை துண்டிலிருந்த கட்டத்தின் மேல் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, எதிரே நின்ற பட்லரின் இடுப்பிலிருந்த கட்டத்துக்கு வந்தது. மறுபடி துண்டுக்குப் போனது. அது எந்தத் துணியில், யாருடைய துணியில் தொங்கியது என்பது பந்தி முழுவதற்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. இலைகளின் மேல் கைகள் அப்படியே நின்றன. பட்லர் கோட்டின் முன்பக்கத்தைக் கீழே இழுத்து லுங்கியை மறைக்கப் பார்த்தார்.

மணியக்காரர் முகம் சிவந்தது. "யோவ்! சந்தையில கெழக்கு மூலையில, ஒரு கண்ணு சாஞ்சவன், அவங்கிட்டதான வாங்கின?"

"ஆங்... ஆமாங்க."

"அந்தப் பய எனக்கும் இதே கட்டத்தைத்தான்யா குடுத்தான்! சத்தியமா சாயம் போவாதுன்னு மலையைக் காட்டிச் சொன்னான். ஒரே தண்ணி, என் வேட்டி, துண்டு, என் சம்சாரத்து வெள்ளைப் பொடவை எல்லாம் செவந்து போச்சு. ரெண்டு நாளா வூட்ல எனக்குச் சோறு போடல!" ஆத்திரத்தில் சொல்லிக்கொண்டே சீஸ் துண்டை வாயில் போட்டு மென்றார். மென்று விழுங்கிய பிறகே செய்ததை உணர்ந்தார். பந்தி முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மணியக்காரர் இலையை ஒரு விரலால் முன்னே தள்ளினார். "நெருப்புப் படலியே. இன்னும் ரெண்டு போடு."

பட்லர் போட்டார். பிறகு திரும்பிக்கொண்டு, வெகு நேரம் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார்.

சிலர் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடும் வெயில் காலம். ஆகவே காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு விருந்தால் ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். மணியக்காரர் அடுத்த மாதமும் அதே மணியக்காரராகத்தான் இருந்தார். லுங்கி வாங்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

மாறியது ஒன்றே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல், பட்லர் வாசலுக்கு வந்து "டின்னர் ரெடி சார்" என்று அறிவித்தபோது, உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். களி நெருப்பில் நன்றாக வெந்திருந்தது.