முன் அனுமதி இல்லாத மச்சம்

இந்த ஜென்மத்தில் தோல் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். வாயில் பிரஷ் இருந்ததால் உரக்கச் சொல்லவில்லை. மற்றபடி உறுதியான முடிவுதான்.

காரணம் என் மனைவி. சட்டையில்லாமல் வாஷ்பேசின் முன் நின்றவனின் முதுகைப் பார்த்து, "என்னங்க, இந்த மச்சம் முன்னைவிடப் பெருசாயிருக்கே" என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் வாய் கொப்பளிக்க மறந்து நுரையோடு நின்றேன்.

அதிர்ஷ்டம் உள்ளவனை மச்சக்காரன் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தைக்கு நோயாளி என்று அர்த்தம். நான் மருத்துவக் கோடிங் வேலை பார்ப்பவன். நோயாளிக்கு என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம் என்று டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள். அதைப் படித்து, செய்ததற்கு ஒரு எண், காரணத்துக்கு ஒரு எண் என்று நான் போடவேண்டும். அந்த எண்ணுக்குத்தான் கோடு என்று பெயர். இரண்டும் ஒத்துப்போனால் காப்பீட்டு நிறுவனம் சரி என்னும். புருஷன் பெண்டாட்டி மாதிரிதான். தனித்தனியாக ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது.

எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி தோல். அதிலும் தோலைப் படம் எடுக்கும் பரிசோதனைகள். மச்சத்தை விளக்குக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, உடம்பு முழுவதையும் படமெடுத்து வைப்பது, அறுக்காமலே தோலுக்குள் எட்டிப் பார்ப்பது. ஒரு நாளைக்கு எண்பது முதுகுகள் எழுத்து வடிவில் என்னைக் கடந்து போகும். ஓரம் ஒழுங்கில்லை. மூன்று நிறம். முன்பைவிடப் பெரியது. அப்படித் தொடங்கும் குறிப்புகளில் சில எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் தைரியமாக டாக்டரிடம் போவான். தெரிந்தவன் எப்படிப் போவான்?

பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல முடியுமா? சட்டம் பேசினேன். நம் பாலிசிப்படி படம் எடுக்க முன் அனுமதி வேண்டும், விண்ணப்பத்தை நானே போடுகிறேன், பதில் வந்ததும் போகலாம் என்றேன். நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் ஒத்துக்கொண்டாள். அந்த நம்பிக்கை லேசாகக் குத்தியது. பொறுத்துக்கொண்டேன்.

மத்தியானம் உட்கார்ந்து போட்டேன். செய்ய வேண்டியது: மச்சத்தைப் படம் எடுத்தல். காரணம்: அழகுக்காக. அழகுக்காக என்ற கோட்டைப் பார்த்தால் எங்கள் காப்பீட்டு நிறுவனம் கதவைச் சாத்திவிடும். ஊரார் செய்யும் பிழைகளைத் திருத்தியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. அன்றுதான் ஒரு பிழையை ரசித்து ருசித்துச் செய்தேன்.

நாலாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"அழகுக்காகன்னு போட்டிருக்கே."

"கம்ப்யூட்டர் அப்படி எடுத்துக்கிச்சு போல."

"அது உங்களை நேர்ல பார்த்ததில்லைல்ல, அதான்" என்றாள்.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். என் மனைவி ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். பார்சல் வரவில்லை என்பவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று ஹலோவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் நான் போட்ட கோட்டைத் தாண்டமாட்டாள் என்று நம்பினேன்.

ஒரு வாரம் மச்சத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, தன் தோளிலும் ஒன்று இருக்கிறது என்றாள். சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாளாம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன். காட்டு, பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தவர் பயந்தால் எனக்கு வீரம் வந்துவிடும். சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியதிலிருந்து விரிவுரைதான். ஜில்லென்று ஏதோ தடவுவார்கள், கண்ணாடியை ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள், எறும்பு ஊர்வது மாதிரிகூட இருக்காது என்றேன். காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் சேர்த்து விளக்கினேன். ஒருவர் நன்றிகூடச் சொன்னார்.

நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். என் பெயர்.

திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அனுமதிக் கடிதம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அவளே போன் செய்து, மூன்று பேரைத் தாண்டி நாலாவது ஆளைப் பிடித்து, என் விண்ணப்பத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் கை தவறிப் போட்டுவிட்டார் என்று காரணத்தை மாற்ற வைத்திருக்கிறாள். மாற்றம் தெரியும் மச்சம். கோட்டைச் சரிபார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அதுதான் பெரிய அவமானம்.

"ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு நான் கேக்கல. பயம்னு தெரியும். எழுந்திருங்க, நானும் உள்ள வர்றேன்" என்றாள்.

குப்புறப் படுத்தேன். ஜில்லென்று தடவினார்கள். மனைவி என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். கருவி க்ளிக் என்றது. இன்னொரு க்ளிக். மூன்றாவதற்கு என்னால் தாங்க முடியவில்லை. படத்தில் இடத்தைக் குறிக்காவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். "முதுகு, இடது பக்கம். போதுமா?" என்றார் அவர். பிறகு, இது சாதாரண மச்சம், கவலையே வேண்டாம் என்றார்.

வெளியே வந்து பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே மனைவியைப் பாராட்டினேன். என்ன நடிப்பு, கண்ணீர்கூட வந்ததே என்றேன். அவள் சிரிக்கவில்லை. நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அவள் பெயர். அது சும்மா என்னை வரவழைக்கச் சொன்னது என்று நர்ஸிடம் விளக்கப் போனேன்.

"இல்லைங்க. என்னுது நிஜம்" என்று எழுந்தாள்.

நானும் உள்ளே போனேன். இந்த முறை டாக்டரம்மா படம் எடுத்துக்கொண்டே இருந்தார். க்ளிக்குகளை ஒன்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். மரத்துப்போக ஊசி, ஒரு சின்னக் கத்தி, பத்து நிமிடம். முடிவு வர ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளும் அலுவலகத்தில் எந்த முதுகும் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. வீட்டில் நான்தான் சமைத்தேன். அவள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மாவே போனில் கூப்பிட்டார். விட்டிருந்தால் பின்னால் கெட்டதாக மாறியிருக்கலாம், மாறுவதற்குள் முழுதாக எடுத்தாயிற்று, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். மனைவி போனை வைத்தாள். பிறகு, நேற்று நான் சமைத்ததில் உப்பே இல்லை என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தத் தெம்பில்தான் கேட்டேன். என் மச்சம் நிஜமாகவே பெரிதாகியிருந்ததா?

"எங்க? கல்யாணமான நாள்லேருந்து அதே அளவுதான். என்னுதுதான் பெருசாச்சு."

"அப்புறம் எதுக்கு என்னைப் போய்..."

அவள் தோளில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "பதினோரு வருஷமா நீங்க இதையெல்லாம் படிச்சுத்தான் பார்த்திருக்கீங்க. நான் போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் படுத்துப் பார்க்க வேண்டாமா?"