வலது கன்னத்து மச்சம்

நான் அழகன் இல்லை என்பது எனக்குத் தெரியும். கலியாணம் பேசிய காலத்தில் மட்டும் கொஞ்சம் மறந்துபோனது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் அக்கா வீட்டில் இருந்தேன். கொழும்பில் ஒரு பெண்ணின் சாதகம் பொருந்தியிருந்தது. அவர்கள் என் படம் கேட்டார்கள். ஸ்டூடியோப் படங்களில் முதலில் தெரிவது என் சோடாப்புட்டி மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால்தான் நான்.

அந்த வாரம் நூலகத்தில் ஓர் அமெரிக்க ஓவியரின் படத்தைப் பார்த்தேன். நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நிலைக்கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைகிறார். நிலைக்கண்ணாடியில் மூக்குக்கண்ணாடி போட்ட வயசாளி. வரைகிற படத்தில் மூக்குக்கண்ணாடியும் இல்லை, பாதி வயசும் இல்லை. மனுஷன் பகிடிக்கு வரைந்தது. நான் அதைச் செய்முறை விளக்கமாக எடுத்துக்கொண்டேன்.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமைகள். (வீட்டில் உள்ளவர்கள் கதவைத் தட்டிக் களைத்துப்போனார்கள்.) மூக்குக்கண்ணாடியை வரையாமல் விட்டேன். தாடையைக் கொஞ்சம் திருத்தினேன். மச்சத்தை மட்டும் கண்ணாடியில் கண்டபடியே வைத்தேன். ஓவியத்தைப் படம்பிடித்து அனுப்பினோம்.

பெண்ணின் தகப்பனார் பூரித்து எழுதினார்: "வலது கன்னத்தில மச்சம். ஆம்பிளைக்கு அதிர்ஷ்டம்."

என் மச்சம் இடது கன்னத்தில். கண்ணாடி பக்கத்தை மாற்றியிருந்தது.

"உண்மையை எழுதட்டே, அக்கா?"

"சும்மா இரடா. வாற அதிர்ஷ்டத்தைத் திருப்பி அனுப்பப்போறியே?"

அடுத்த வருஷம் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றேன். அவள் படத்தைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்து, என்னிடம் நின்றாள்.

"அண்ணை, இவரைக் கண்டனீங்களோ?"

அண்ணை! கட்டிக்கொள்ள வந்தவள் கேட்கிறாள்.

"அது... நான்தான்."

"அவருக்கு மச்சம் வலப்பக்கம். நீங்கள் வேற ஆள். நான் வரமாட்டன்."

அவள் திரும்பிப் போனால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

"உந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கோ பாப்பம்."

கழற்றினேன். உலகமே கஞ்சியாகக் கலங்கியது. சந்தர்ப்பத்தை விடக்கூடாதென்று பூங்கொத்தை நீட்டினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி மிகுந்த சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டாள்.

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, பயணப்பெட்டிமேல் உட்கார்ந்தே சிரித்தாள். பிறகு என்னோடு வந்தாள்.

ஓவியம் இப்போது எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் 'சித்தப்பா'. நான் எதையாவது சொதப்பினால் மனைவி என்னோடு சண்டை பிடிப்பதில்லை. நேரே அதற்கு முன்னால் போய் நின்று, "நான் கலியாணத்துக்கு ஓம் எண்டது உங்களுக்குத்தான்" என்கிறாள்.