ஈய முத்திரையும் நாற்பத்தொரு கிலோமீட்டரும்

உடற்பயிற்சியினால் மனிதன் சாகக்கூடும் என்பதை நிரூபித்தே தீருவது என்று மீட்டர்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உறுதி பூண்டார். அன்றுதான் அவருடைய மனைவி, இருந்த இடத்திலேயே இருந்து ஓட்டும் சைக்கிள் ஒன்றை வீட்டுப் பின்னறையில் இறக்கியிருந்தாள்.

மீட்டர்காரர் என்னும் பட்டம் அவருக்குச் சும்மா வந்ததன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று மின்சார மீட்டர்களைச் சோதித்து, கள்ளத்தனம் செய்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்குத் தப்பிய வீடு ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் அறைக்கு அறை விளக்கு எரியும்; மீட்டர் மட்டும் எறும்பு போல் ஊரும். மீட்டரை யாரும் திறக்காதபடி வைத்த ஈய முத்திரை உடையவில்லை. கம்பி கலையவில்லை. மூன்று முறை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். மூன்று முறையும் அந்த வீட்டுப் பெண் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தாள். சோதிக்கப் போனவர் மாப்பிள்ளையாகத் திரும்பினார். மாமனார்மீது இருந்த சந்தேகத்தை, மரியாதை கருதி, மனத்துக்குள்ளேயே முத்திரை வைத்து மூடினார்.

நிற்க. சைக்கிள் வந்த காரணம் டாக்டர். தினம் ஐந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், இரண்டு மாதத்தில் கொழுப்பு இறங்காவிட்டால் நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் வழி முழுவதும் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மீட்டர்காரருக்கு அதுவே பெரிய ஓய்வாக இருந்தது.

"இந்தா பாரு, உடம்புங்கறதும் ஒரு மீட்டர்தான். இத்தனை சுத்துன்னு கணக்குப் பண்ணித்தான் அனுப்பியிருக்கு. வேகமா ஓட்டினா சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அப்போ உங்களுது இன்னும் பெட்டியை விட்டே எடுக்கல போல."

"சிரிக்காதே. பின்தெரு ஓட்டக்காரர் என்ன ஆனாரு? தினம் இருபது கிலோமீட்டர் ஓடினாரு. அம்பத்திரண்டு வயசுல ஷூ கயிறு கட்டக் குனிஞ்சவரு, நிமிரவே இல்ல."

"அதுக்காகத்தான் நீங்க குனியறதே இல்லையாக்கும். இங்க பாருங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நம்பர் பார்ப்பேன். அஞ்சு ஏறியிருக்கணும்."

சைக்கிளின் கைப்பிடியில் கிலோமீட்டர் காட்டும் சின்ன எண்பெட்டி ஒன்று இருந்தது. சக்கரத்திலிருந்து ஒரு கறுப்புக் கம்பி ஏறி வந்து அதைச் சுழற்றும். தினம் மாலை எண்ணைப் பார்த்ததும் மனைவி பக்கத்துப் பொத்தானை அழுத்தி அதைப் பூஜ்யமாக்கிவிடுவாள். திருடர்களைப் பிடித்தே வயதானவருக்குத் திருட்டு தெரியாதா? பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறப்பார். ஸ்க்ரூடிரைவர் முனையால் ஐந்து எண்களைத் தள்ளுவார். மூடி, தாம் பத்திரமாக வைத்திருந்த பழைய குறட்டால் ஈய முத்திரை ஒன்றை நசுக்கி வைப்பார். பிறகு அரை மணி நேரம் சைக்கிள் சீட்டில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பார். மதியம் கூடத்துக் கட்டிலில் உறக்கம். அதே பின்னறையில் மனைவி தையல் மெஷின் ஓட்டுவாள். அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு.

ஒரு வாரம் சொர்க்கம். எட்டாம் நாள் மாலை ஆறு மணி.

"அடேயப்பா! பதினெட்டு கிலோமீட்டர்!" என்றாள் மனைவி.

மீட்டர்காரர் குனிந்து பார்த்தார். முத்திரை உடையவில்லை. காலையில் அவர் தள்ளியது ஐந்து.

"எதுக்குங்க இவ்வளவு? அதிகமா ஓட்டினா ஆயுசு குறையும்னு நீங்கதானே சொன்னீங்க?"

'நான் ஓட்டவில்லை' என்று சொன்னால் எட்டு நாளும் ஓட்டவில்லை என்பது வெளியாகும். "ஒரு ஆர்வம்தான்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மறுநாள் இருபத்தாறு. பெட்டியைத் திறக்காமல் எண் ஏற வேண்டுமானால் சக்கரம் சுற்றியிருக்க வேண்டும். சக்கரம் தானாகச் சுற்றாது. இது முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம்.

"மதியம் அந்த ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "யாரு வருவா? நீங்கதான் வந்தீங்க."

"நானா?"

"கண்ணைத் திறந்துக்கிட்டுதான் வந்தீங்க. ஏறி உக்காந்து ஒரு மணி நேரம் ஓட்டினீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கல. கோபம்னு நெனச்சு விட்டுட்டேன்."

மீட்டர்காரருக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை வைத்து இழுத்தாற்போல் இருந்தது.

அடுத்த நாள் கண்ணை மூடாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாலையில் எண் சரியாக ஐந்து. ஆக, தூங்கினால்தான் ஏறுகிறது! அதற்கு மறுநாள் வலது காலைக் கட்டில் காலோடு கயிற்றால் கட்டினார். முத்திரைக் கம்பிக்குப் போடும் தனி முடிச்சுப் போட்டார். படுத்தவர், தம்மையும் மீறி உறங்கிப் போனார்.

விழித்தபோது வீடு வழக்கத்துக்கு மீறி அமைதியாக இருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. காலைப் பார்த்தார். கட்டு இல்லை. கயிறு நான்காக மடித்துத் தலையணை ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. கட்டிலடியில் விட்ட செருப்புகளைக் காலால் துழாவினார். அவை பின்னறை வாசலில், உள்ளே பார்த்தபடி, ஜோடியாக நின்றன. அறைக்குள்ளே மனைவி ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எண்பெட்டி நாற்பத்தொன்று ஏறியிருந்தது.

பின்தெரு ஓட்டக்காரர் நினைவுக்கு வந்தார். அவருக்கு இருபது. தமக்கு நாற்பத்தொன்று! குனிந்து செருப்பை மாட்டவும் துணிவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே மனைவியிடம் போய்ச் சேர்ந்தார்.

"நான் செத்துட்டேன்!"

"சரி. காபி வேணுமா?"

"விளையாடாதே! நான் ஒரு நாள்கூட ஓட்டல. நம்பரைக் கையால தள்ளினேன். இப்போ என் உடம்பு என்னைக் கேக்காமலே எழுந்து போய் ஓட்டுது! இப்படியே போனா ஒரு மாசம் தாங்காது!"

அவள் திட்டவில்லை. அதுவே அவரை இன்னும் பயமுறுத்தியது. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. உடம்புக்குச் சேர வேண்டியதை முழிச்சிருக்கறப்பவே குடுத்துட்டா, தூங்கறப்போ அது எதுக்கு எழுந்து போகப் போகுது? டாக்டர் சொன்ன அஞ்சு கிலோமீட்டரை நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

மறுநாள் ஓட்டினார். பெடலை மிதித்து, மூச்சு வாங்கி, முழங்கால் கடகடக்க, உண்மையாகவே ஐந்து. மதியம் உறங்கினார். மாலையில் எண் ஐந்தோடு நின்றிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சல் அடித்த அன்றும் போர்வையோடு ஏறி ஓட்டினார்.

இரண்டு மாதம் கழிந்தது. பரிசோதனைத் தாளில் கொழுப்பு இறங்கியிருந்ததைப் பார்த்து டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அதிகமா ஓட்டறதுதான் டாக்டர் ஆபத்து" என்றார் மீட்டர்காரர், அனுபவஸ்தராக.

"ஐயா, அதிகமா செஞ்சு கெட்டவர் எங்கேயாச்சும் ஒருத்தர் இருப்பாரு. உக்காந்தே கெட்டவங்க வெளியே வரிசையில இருக்காங்க, எண்ணிக்கிட்டே போங்க."

அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தவர், பெடலுக்கு எண்ணெய் போட நினைத்தார். எண்ணெய்ப் புட்டி தையல் மெஷின்மேல் இருந்தது. எடுக்கக் குனிந்தவரின் கை அப்படியே நின்றது. மெஷின் சக்கரத்தின் அச்சில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் மாட்டியிருந்தது. தைப்பதற்கு அது வேண்டியதில்லை. சைக்கிளின் கறுப்புக் கம்பியைச் சக்கரத்துப் பக்கமாக உருவினார். முனை அந்தக் குழாயில் கச்சிதமாகப் பொருந்தியது. மெஷினை ஒரு மிதி மிதித்தார். எண் ஏறியது. பெடல் அசையவில்லை. முத்திரை அப்படியே இருந்தது.

மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"ஃபேனை நிறுத்தினது?"

"நான்தான்."

"கயித்தை அவுத்தது?"

"நான்தான். அது என்ன பெரிய முடிச்சா?"

"செருப்பைக் கொண்டுபோய் ரூம் வாசல்ல வெச்சது?"

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "செருப்பா? எந்தச் செருப்பு? நான் தொடவே இல்லையே."

இருவரும் வாசற்படியைப் பார்த்தார்கள். மீட்டர்காரருக்குப் பிடரி சிலிர்த்தது. மிச்சமிருந்த மானத்தையாவது மீட்டுக்கொள்வோம் என்று தொண்டையைக் கனைத்தார்.

"இது உங்க அப்பா கத்துக்குடுத்த வேலைதானே? அந்த மனுஷன் மேல எனக்கு அன்னிக்கே சந்தேகம்."

"பாவம், அவரை எதுக்கு இழுக்கறீங்க? அவருக்கு மீட்டர் எந்தச் சுவத்துல இருக்குன்னே தெரியாது" என்ற மனைவி, ரப்பர்க் குழாயைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "மூணு தடவையும் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு மறந்துட்டீங்களா?"