மோட்டார் ரூமில் ஒளிந்த செக்ரட்டரி

எனக்கு ஊசியென்றால் பயம். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாற்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரைக்கும், "எனக்கு இந்த இங்கிலீஷ் மருந்திலே அவ்வளவா நம்பிக்கை இல்லீங்க" என்று கண்ணைச் சற்றே மூடிக்கொண்டு சொல்லி வந்தேன். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் நம்மை ஏதோ ஆழமாகப் படித்தவர் என்று நினைத்துக்கொள்வார். (நான் படித்தது பி.காம். அதிலும் ஒரு பேப்பர் இரண்டாம் தடவைதான் தேறியது.)

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் பால் சொசைட்டிக்கு நான் செக்ரட்டரி. பால் அளப்பது, தீவன மூட்டை இறக்குவது எல்லாம் போக, எனக்கு உயிரான வேலை ஒன்று உண்டு. மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடும் காலத்தில் மைக் பிடிப்பது. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சம் குறையும். அதற்குப் பயந்து சிலர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தென்னந்தோப்பில் கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாடு. கேரளத்து ஊசிக்காரர் வாய்க்காலைத் தாண்ட மாட்டார். ஆனால் தோப்பு என் மைத்துனனுடையது என்பதால் நான் தாண்டுவேன். மரத்துக்கு மரம் தேடி, மாட்டோடு ஆளையும் பிடித்துக்கொண்டு வருவேன்.

இப்படி என்னிடம் அதிக முறை பிடிபட்டவர் பழனியக்கா. அறுபதைத் தாண்டியவர், இரண்டு கறவை மாடு, ஊரையே எழுப்பும் குரல். ஒருமுறை அவரை மாட்டுக் கயிறும் கையுமாகத் தோப்பிலிருந்து அழைத்து வந்து, நாற்பது பேருக்கு முன்னால் நிறுத்தி, மைக்கிலேயே அறிவுரை சொன்னேன். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, மைக் கையில் இருந்தது.

இந்தக் கதை நடப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பை முறித்துப் போட்டது. "இது ஃப்ளூவா இருக்குமுங்க, டாக்டரப் பாருங்க" என்றாள் என் மனைவி சுமதி. "சாதாரண சளி" என்று நானே தீர்ப்புச் சொல்லி, சுக்குக்காப்பி குடித்துக்கொண்டு வீடெங்கும் தும்மித் திரிந்தேன். நாலாம் நாள் நான் எழுந்து உட்கார்ந்தேன், சுமதி படுத்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பாலக்காட்டுச் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நாளைப் பற்றி எனக்கு வேடிக்கையாக எதுவும் எழுத வராது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். "மழைக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும். வருஷா வருஷம். அந்தக் கிருமி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும், ஊசியும் மாறும். அவங்க மட்டும் போட்டாப் போதாது. ஊரெல்லாம் சுத்திட்டு வீட்டுக்குக் கொண்டு வர்றது நீங்கதானே?"

நான் ஆட்டிய ஆட்டலில் தலை கழன்று விழாதது ஆச்சரியம்.

அடுத்த மழைக்கு ஒரு மாதம் இருந்தது. சுமதியே அந்த டாக்டரிடம் பேசி, எங்கள் சொசைட்டிக் கட்டிடத்திலேயே ஒரு கேம்ப் வைக்க ஏற்பாடு செய்துவிட்டாள். வயதானவர்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போடும் பொறுப்பு செக்ரட்டரிக்கு. என் குரலிலேயே, "யாரும் பயப்பட வேண்டாம்" என்று போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சாக்குத் தேடினேன். வருடா வருடம் போடச் சொல்கிறார்களே, அப்படியானால் போன வருடம் போட்டது வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு வந்த ஃப்ளூவே எனக்குப் போதாதா? மாட்டு டாக்டரிடம் நைசாகக் கேட்டேன். "செக்ரட்டரி, நீங்க போய் இதக் கேக்கலாமா?" என்று சிரித்தார். பால் வண்டி டிரைவரிடம் கேட்டேன். அவருடைய மாமா ஒருவர் ஊசி போட்ட மறுநாளே காய்ச்சலில் படுத்தாராம். அப்பாடா என்றிருந்தது. ஊசி போட்டால் கையும் உடம்பும் ஒரு நாள் வலிக்கும், லேசாகச் சூடு காட்டும், அது ஃப்ளூ அல்ல என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை மறந்து டிரைவரின் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

கேம்ப் நாளன்று காலைப் பால் முடிந்ததும் நாற்காலி போட்டேன், தண்ணீர்ப் பானை வைத்தேன், மைக் சரிபார்த்தேன். முதல் வரிசையில் சுமதி எனக்கும் ஓர் இடம் பிடித்து, அதன்மேல் தன் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். சின்ன ஐஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு ஊசியை எடுத்து உறையைப் பிரித்தார். அந்த 'சரக்' சத்தம் என் முழங்காலில் கேட்டது.

"ஒரு போன் பேசிட்டு வந்தர்றேனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மொபெட்டை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. வண்டி வாய்க்காலைத் தாண்டித் தோப்பில் போய் நின்றது. பதினோரு வருடம் மாடு பிடித்த அனுபவம், ஒளிய வேண்டும் என்றதும் என் புத்திக்கு வேறு இடமே தோன்றவில்லை. மொபெட்டைத் தென்னை மட்டைக் குவியலுக்குப் பின்னால் சாய்த்தேன். மைத்துனனின் மோட்டார் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மணி நேரம் போனால் நர்ஸ் போய்விடுவார். சுமதியிடம் என்ன சொல்வது என்பதை உள்ளே உட்கார்ந்து யோசிக்கலாம்.

ஒன்றை மறந்துவிட்டேன். கேரளப் பக்கத்துக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று எனக்கு மனப்பாடம். இது தமிழ்நாட்டு மோட்டார். அங்கே தோட்டத்துக்கு மும்முனைக் கரண்டு விடும் நேரம் வேறு. அந்த நேரம் வந்தது. தானாக ஓடும்படி வைத்திருந்த மோட்டார், என் முதுகுக்குப் பின்னால் 'டமார்' என்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

நான் அலறிய அலறலை அலறல் என்று சொன்னால் அலறலுக்குக் கேவலம்.

"ஆரது உள்ள?" என்று வெளியிலிருந்து ஒரு குரல். ஊரையே எழுப்பும் குரல். கேம்புக்குப் போகும் முன் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொள்ளலாம் என்று பழனியக்கா தோப்புக்கு வந்திருந்தார்.

கதவைத் திறந்தேன். "நான்தானுங்கக்கா. மோட்டார் பாக்க வந்தேன்."

"மோட்டாரப் பாக்க எதுக்குங் தம்பி கதவச் சாத்தோணும்?" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மட்டைக் குவியலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மொபெட்டின் ஹேண்டில்பாரைப் பார்த்தார். சொசைட்டி இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, அவர் முகம் மலர்ந்தது. அப்படியொரு மலர்ச்சியை அவர் பேரன் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

"அட என்ற சாமி! ஒளிஞ்சுட்டா இருக்கறீங்?"

புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "அக்கா, வேண்டாமுங்க" என்று நான் கெஞ்சி முடிப்பதற்குள், "சுமதி, உன்ற ஊட்டுக்காரரு எங்கயும் போயிர்லே கண்ணு. தோப்புலதான் கட்டியிருக்குது" என்று சொல்லிவிட்டார்.

ஓடியிருக்கலாம். ஆனால் பழனியக்கா வழியில் அரிவாளோடு நின்றார். (புல் அரிவாள்தான். ஆனாலும்.)

சுமதி வந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் கேட்டேன். வரப்பு வழியாக வெயிலில் வேகவேகமாக நடந்து வந்திருக்கிறாள். அந்த 'ஈ... ஈ...' என்ற இழுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நாள் கேட்ட சத்தம். வந்தவளுக்குப் பேச மூச்சு இல்லை. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்துவிட்டு, தென்னையில் சாய்ந்து நின்றாள்.

அந்த இடைவெளியை வீணாக்க வேண்டாமென்று பழனியக்கா என் மைக் பேச்சை எடுத்துக்கொண்டார். என் இழுவையோடு, என் கையாட்டலோடு: "உறுப்பினர்களே! போன தடவ போட்டது இந்தத் தடவைக்கு ஆகாது. தவறாமப் போட்டே ஆகோணும். உங்க மாட்டுக்காக மட்டுமில்லீங்க, பக்கத்துக் கட்டுத்தரை மாட்டுக்காகவும் போடோணும். மாட்ட ஒளிச்சு வெக்கறவங்க மனசாட்சியக் கேட்டுப் பாருங்க!"

ஒரு வார்த்தை பிசகவில்லை.

சுமதிக்கு மூச்சு வந்தது. அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "உங்களுக்கு ஊசின்னா பயம்னு கல்யாணமான வருசமே எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "அதுல ஒண்ணும் கேவலமில்ல. பயந்தா, நீங்க வந்து இங்க ஒளிஞ்சுக்கறீங்க. நீங்க ஒரு தும்மல் தும்முனா நான் எங்க போய் ஒளியட்டுமுங்க? எனக்கு எந்தத் தோப்பு இருக்குது?"

பழனியக்காகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒளிந்ததற்கு வந்த வெட்கம் அல்ல அது. அவளை அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டேனே என்று. "வண்டில ஏறு, போலாம்" என்றேன்.

சொசைட்டியில் ஊசிக்கு வந்திருந்த நாற்பது பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். (பழனியக்காவின் போன் எங்களைவிட வேகமாகப் போயிருந்தது.) மலையாளி நர்ஸ் என்னைப் பார்த்து, "எந்தா சாரே, ஃபோன் கழிஞ்சோ?" என்றார். போன் பேசி முடித்தீர்களா என்று கேட்கிறார். ஒருவர்கூடச் சிரிப்பை அடக்க முயற்சி செய்யவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டைக் கையை மடித்தேன். ஸ்பிரிட் பஞ்சு குளிர்ச்சியாகத் தோளில் பட்டது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது மாட்டுத்தீவன மூட்டைமேல் என் தலை இருந்தது. மேலே ஒரு வட்டமாக முகங்கள். யாரோ பால் கணக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, மயக்கத்திலேயே காரியம் முடிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

"முடிஞ்சுதுங்களா சிஸ்டர்?"

"இல்ல சாரே. இனிதான்."

அதாவது, நான் மயங்கியது பஞ்சுக்கு. ஊசி இன்னும் அவர் கையில் அப்படியே இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து துணிய வேண்டும். இந்த நிலையில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நல்ல சாக்கு இருந்தது, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுமதி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். வரப்பில் நடந்த களைப்பு இன்னும் போகவில்லை, அவள் தோள் லேசாக ஏறி இறங்கியது.

"படுத்துட்டே போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

போட்டார். போட்டது தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. "அவ்வளவுதானா?" என்று நான் கேட்டதற்குத்தான் அன்றைய மிகப்பெரிய சிரிப்பு கிடைத்தது. அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். பழனியக்கா தன் ஊசியையும் போட்டுக்கொண்டு, நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, எனக்குக் காவல் உட்கார்ந்தார்.

மறுநாள் அதிகாலையில் வலிக்கும் கையோடு பால் அளந்துகொண்டிருந்தேன். பழனியக்கா கேனை வைத்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தார். "ஏனுங் தம்பி, பால் கொறஞ்சுதுங்களா?"

அந்த மழைக்காலத்தில் எனக்குச் சளியே பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிடித்தது. வாயில் துணி கட்டிக்கொண்டு இரண்டு நாள் தனி அறையில் கிடந்தேன், போய்விட்டது. சுமதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற தேவை வரவில்லை. அது ஊசியாலா, துணியாலா, அவள் அதிர்ஷ்டத்தாலா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் வாட்ஸ்அப்பில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் பட்டியல் போடும்போது என் பெயரை முதலில் எழுதினேன்.

அதை வீட்டில் யாரும் நம்பவில்லை. கேம்ப் நாள் காலையில் என் மைத்துனன் மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து சுமதியிடம் கொடுத்தான். குடும்பக் குழுவில், "சாவி அக்காகிட்டக் குடுத்தாச்சுங் மாமா" என்று ஒரு குரல் செய்தியும் போட்டான். இப்போது அது வருடந்தோறும் நடக்கிற சடங்காகிவிட்டது. இந்த வருடம் சுமதி சாவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவன் வேறு பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் சுமதிக்கு லேசாக இழுத்தது. இன்ஹேலரைத் தேடிக் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். இன்ஹேலரோடு அந்தத் துருப்பிடித்த சாவியும் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது. எதிரில் இருந்த தூரத்துச் சொந்தக்கார அம்மா, "இதென்ன சாவி அம்மணி?" என்று கேட்டார்.

சுமதி நிதானமாக இரண்டு இழுப்பு இழுத்தாள். இரண்டையும் சேர்த்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ரெண்டுமே மூச்சு விடறதுக்குத்தானுங்க" என்றாள்.