பதினொரு வீதச் சார்ஜ்

ஞானரட்ணம் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனைவி செல்வமலர் அதை மாற்றும்வரைக்கும்.

இந்தமுறை எடுத்த முடிவு, பெட்ரோல் கார். முள்ளந்தண்டு ஒப்பரேசனுக்குப் பிறகு செல்வமலருக்கு வலது கால் பாதிதான் சொல்வழி கேட்கும். அதற்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்குப் பதிலாக வந்ததுதான் கிங்ஸ்பரி வீட்டு வாசலில் நின்ற கார். மூன்று வருடத்துக்கொருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாம். கார் அவளுடையது, ஸ்டியரிங் அவருடையது. ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

"இந்தமுறை கரண்ட் கார் எடுப்பம்," என்றாள் செல்வமலர்.

"கரண்ட் காரோ? நடுறோட்டில நிண்டா வயர் இழுக்க ஆர் வாறது?"

"பெட்ரோல் முடிஞ்சாலும் நிக்கும்தானே?"

"பெட்ரோலைக் கானில வாங்கலாம். கரண்டைக் கானில வாங்க ஏலுமோ? ஷொக் வேற அடிக்கும்."

"இருபத்தெட்டு வருசம் என்னோட இருக்கிறியள். இனியுமோ ஷொக்?"

உண்மைக் காரணத்தை அவரால் வாய்விட்டுச் சொல்ல ஏலாது. "பெட்ரோல் அடிச்சுக்கொண்டு வாறன்" என்று வெளிக்கிட்டால், நண்பன் கல்யாணசுந்தரம் வீட்டில் இரண்டு தேத்தண்ணி, நாலு வடை, ஊர்வம்பு எல்லாம் முடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வருவார். வாசலிலேயே சார்ஜ் ஏறினால் மனிசன் எங்கே போவது?

அதனால் ஒரு திட்டம் போட்டார். கல்யாணசுந்தரத்திடம் கரண்ட் கார் இருந்தது. அதைச் சனிக்கிழமை இரவல் வாங்கினார். ஒருநாள் காப்புறுதியும் போட்டார். சார்ஜ் பதினொரு வீதத்துக்குமேல் இருக்கக்கூடாது என்று நண்பனிடம் சத்தியம் வாங்கினார்.

"தோர்ண்டன் ஹீத்துக்கு உம்மட தங்கச்சி வீட்டை போவம். கரண்ட் காரிலயே ஒருக்காப் போய்ப் பாரும்!"

தை மாதக் குளிர். ஹீட்டரை முழுதாகத் திருகினார். வழியில் மீட்டரில் சிவப்பு லைட் எரியும், செல்வமலர் அலறுவாள், திங்கட்கிழமை பெட்ரோல் கார். இதுதான் கணக்கு.

நோர்த் சேர்குலர் றோட்டில் வாகனங்கள் இறுகிப்போய் நின்றன. ஏழு வீதம். ஐந்து. மூன்று. லைட் சிவந்தது. அலறியது ஞானரட்ணம்தான்.

"ஐயோ மலர், நிக்கப்போகுது! பின்னால லொறி!"

"ஹீட்டரை நிப்பாட்டுங்கோ. அடுத்த இடதால திரும்புங்கோ. சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில சார்ஜர் இருக்கு, இரண்டு சும்மா நிக்குது," என்றாள் அவள், போனைப் பார்த்தபடி.

அங்கே போய் நின்றபோது கார் இரண்டு வீதத்தில் மூச்சு வாங்கியது. சார்ஜ் குத்தும் இடத்தைத் தேடி ஞானரட்ணம் காரை இரண்டுதரம் சுற்றி வந்தார். செல்வமலர் ஊன்றுகோலோடு இறங்கி, முன்பக்க மூடியைத் தட்டித் திறந்து, கேபிளைச் சொருகினாள். பழகிய கை.

"உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"றஜீனா காட்டித் தந்தவ."

"ஆர் றஜீனா?"

"எனக்குக் கார் பழக்கிற பிள்ளை. செவ்வாயில நீங்கள் ஷிப்டுக்குப் போனாப்பிறகு வருவா. இடது காலால ஓடுற மாதிரி பெடல் மாத்தின கரண்ட் கார். எட்டு மாசமாச்சு."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க என்ர சிவப்புக் காரை வித்தனீங்கள். ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

ஞானரட்ணத்தின் பார்வை கேபிளுக்கு இறங்கியது. உண்மைதான். இனி அவளுக்கு ஏன் கார், நான் இருக்கிறேனே என்று நினைத்தார். அதை அன்பென்றும் நினைத்தார். வீடு திரும்பிய அன்று வாசலில் வெறுமையாய்க் கிடந்த இடத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனது இப்போது கண்ணுக்குள் வந்தது. இந்த ஆறு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் தன் நண்பர்கள் வீட்டுக்கும் அவளை ஏற்றிப்போயிருக்கிறார். எங்கே போக விருப்பமென்று ஒருநாள் கேட்டிருக்கலாம்.

"பிழைதான், மலர்."

"தெரியும். உங்கட வாயால வரட்டும் எண்டு இருந்தனான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருந்தன்மையோடு நிமிர்ந்தார். "சரி. கரண்ட் காரே எடுப்பம். திங்கட்கிழமை போய் ஓடர் எழுதுவம்."

"போன கிழமையே எழுதியாச்சு. இடது கால் பெடலோட."

"அப்ப இண்டைக்கு ஏன் என்னோட வெளிக்கிட்டனீர்?"

"சுந்தரம் அண்ணையின்ர மனிசி நேற்று எல்லாம் சொன்னவ. உங்களைத் தனிய விட்டா றோட்டில நிண்டு விறைச்சுப்போவியள்."

பங்குனியில் கார் வந்தது. முதல்நாள் செல்வமலர் ஓட்ட, ஞானரட்ணம் பக்கத்தில் இருந்தார். அவள் பதறாமல் ஓட்டினாள். வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவளை ஆறு வருடம் இந்தச் சீட்டில் இருத்தி வைத்தோமே என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"அந்தப் பக்கம் பிரேக் இல்லை," என்றாள் செல்வமலர், றோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சும்மா இருங்கோ."

சும்மா இருந்தார்.